தலைமாட்டில் தபாலதிபர்

நான் வேலை செய்த பட்டறையின் சுவரில் ஒரு சின்னப் பலகை தொங்குகிறது. அதில் பிரெஞ்சில் ஒரே ஒரு வரிதான்: "அச்சடித்த கடதாசி உள்ளே வரக்கூடாது." தீயணைப்புக் கருவிக்கும் முதலுதவிப் பெட்டிக்கும் மேலே, மற்றவர்கள் மாதா படம் மாட்டுகிற உயரத்தில், முசியே லூசியன் அதைத் தன் கையாலேயே அடித்து வைத்தார். போன வருடம் நான் ஓய்வு பெற்ற அன்று, கேக் வெட்டும் நேரம் பார்த்து, இப்போது அங்கே வேலை செய்கிற இளசுகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "மதாம் ரெஜினா, போவதற்கு முதல் இதையாவது சொல்லிவிட்டுப் போங்கள். கடதாசி உங்களுக்கு என்ன செய்தது?"

அவர்கள் கேட்பதும் நியாயம்தான். அவர்களுக்கு இப்போது கடதாசியே தேவையில்லை. வெனீர் என்கிற மெல்லிய மரத்தோலைப் பலகையோடு ஒரு பெரிய பையில் போட்டு, ஒரு பொத்தானை அழுத்தினால், இயந்திரம் காற்றை உறிஞ்சி எடுத்து இரண்டையும் ஒட்டித் தந்துவிடுகிறது. நான் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வசனத்திலேயே சிரிப்பு வந்து, கேக் புரைக்கேறி, ஒரு பிள்ளை என் முதுகில் தட்ட, கதை அப்படியே நின்றுபோனது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது சிரித்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

மன்னாரிலிருந்து மொன்றியலுக்கு வந்த புதிதில் நான் ஒரு தையல் ஃபக்டரியில் சட்டைப் பை தைத்தேன். கட்டம் போட்ட துணியில் பை வைப்பது விளையாட்டு வேலை இல்லை. பையின் கோடும் சட்டையின் கோடும் ஒன்றோடொன்று போய்ச் சேர வேண்டும், சேர்ந்த இடம் தெரியக்கூடாது. இரண்டாயிரம் பிறந்த கொஞ்சக் காலத்தில் ஃபக்டரி மூடப்பட்டு, உள்ளே இருந்த சாமான்களை விற்றார்கள். துணி வெட்டும் பெரிய மேசையை வாங்க வந்தவர்தான் லூசியன். கடைசி நாள் என்றும் பாராமல் நான் ஒரு பையைக் கோட்டுக்குக் கோடு பொருத்திக்கொண்டிருந்ததைப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். "மதாம், மரத்தில் இதைச் செய்வீர்களா?" என்று கேட்டார். மேசை வாங்க வந்தவர் மேசையோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் இன்றைக்கும், "உன்னைச் சும்மா குடுத்தவங்கள், மேசைக்குத்தான் விலை" என்று சொல்லிச் சிரிப்பார்.

பட்டறை என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, அப்போது அது மொன்றியலின் மேற்கு ஓரத்தில், இல்-பிசாரில் லூசியன் வீட்டுக் கார்க் கொட்டகை. இரண்டு கார் நிற்கக்கூடிய அந்த இடத்தில் ஒரு கார்கூட நின்றதை நான் பார்க்கவில்லை. பக்கத்துக் கதவைத் திறந்தால் அவர் வீட்டுச் சமையலறை. கோப்பி, பசை சூடாக்குகிற சட்டி, அவர் மதியம் குடிக்கிற பட்டாணி சூப் எல்லாம் ஒரே அடுப்பில்தான்.

வெனீர் என்றால் மரத்தைத் தோல்போல மெல்லியதாகச் சீவி எடுத்தது. சாதாரணப் பலகையின் மேல் அதை ஒட்டினால் முழுப் பலகையுமே அந்த மரம்போல இருக்கும். ஒரே மரத்தில் அடுத்தடுத்துச் சீவிய இதழ்களில் மர ரேகையின் கோலமும் ஒரே மாதிரி ஓடும். இரண்டு இதழைப் புத்தகம் விரிப்பதுபோல விரித்து வைத்தால் ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம் ஆகிவிடும். அப்படி விரிக்கும்போது ஓர் இதழின் முன்பக்கம் மேலே வரும், பக்கத்து இதழின் பின்பக்கம் மேலே வரும். வாசிக்கிறவர்கள் தயவுசெய்து இதை மட்டும் மறக்க வேண்டாம். பிறகு நடந்த கூத்துக்கு இதுதான் காரணம்.

லூசியனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நெடிய மனிதர், மூக்குக் கண்ணாடியை எப்போதும் எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவார். நான் அங்கே இருந்த காலத்தில் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்திப் பேசியதில்லை. கோபம் வந்தால் கோப்பி போடுவார். பெரிய கோபம் வந்தால் தும்புத்தடியை எடுத்துக் கூட்டத் தொடங்குவார். கொட்டகைக்குள் கூட்டினால் சமாளிக்கலாம், வாசலுக்கு வந்துவிட்டால் நிலைமை மோசம். மரத்தோடு மட்டும் அவர் வாய் ஓயாது. வெனீர் இதழை எடுத்துக் கன்னத்தில் வைத்து, ஈரம் இருக்கிறதா என்று பார்த்து, "இன்னும் தயாரில்லையா, மத்மசேல்?" என்று கேட்பார். சில இதழ்களுக்குப் பாட்டும் பாடுவார். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வோமே, அதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அவரிடம் நான் முதலில் படித்த சட்டம், ஒரு பக்கம் ஒட்டினால் மறுபக்கமும் ஒட்ட வேண்டும் என்பது. முன்பக்கம் மட்டும் வெனீர் ஒட்டிய பலகை சில நாளில் வில்லாக வளைந்துவிடும். யாரும் பார்க்காத பின்பக்கத்துக்கும் ஒரு மலிவான இதழ் ஒட்டினால்தான் நேராக நிற்கும். சம்பந்தம் செய்வதும் அப்படித்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

இரண்டாவது, நெளிவு எடுப்பது. கணு விழுந்த மரத்தைச் சீவினால் கோலம் அள்ளிக்கொண்டு போகும், ஆனால் இதழ் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து வரும். அப்படியே அழுத்தினால் உடைந்துவிடும். தண்ணீரும், மருந்துக்கடையில் வாங்கிய கிளிசரினும், கொஞ்சம் ஸ்பிரிட்டும் கலந்து இரண்டு பக்கமும் தெளிப்போம். பிறகு ஒரு கடதாசி, ஓர் இதழ், ஒரு கடதாசி, ஓர் இதழ் என்று அடுக்கி, மேலே பலகை வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்குவோம். ஈரத்தைக் கடதாசி குடித்துவிடும். குடித்த கடதாசியை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும், அதுவும் குடிக்கும், மறுபடியும் மாற்ற வேண்டும். அவசரப்பட்டால் காரியம் கெடும். கடைசியில் இதழ் பட்டுத்துணிபோல் தட்டையாக வந்து கையில் கிடக்கும்போது வருகிற சந்தோசத்தை நான் இன்றைக்கும் சொல்லி முடிக்கமாட்டேன். இதற்கென்று லூசியன் ஓர் அச்சகத்திலிருந்து மிச்சம் விழுந்த வெறும் கடதாசிச் சுருளை வாங்கி வைத்திருப்பார். எழுத்தில்லாத, வெள்ளைக் கடதாசி.

இனிச் சம்பந்தி அம்மாவிடம் வருவோம்.

என் மகன் அன்ரன் ஆற்றுக்கு அக்கரையில், புரோசார்டில் ஒரு பிள்ளையை விரும்பினான். பெயர் தாரணி. யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். தாய் பரமேஸ்வரி அங்கே புடவைக்கடை வைத்திருந்தா. சுத்த சைவம், கடும் ஆசாரம். என்னைவிட ஒரு வயது மூப்பு, நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவ என்னை "மிசிஸ் மரியநாயகம்" என்பா. அந்த "மிசிஸ்"ஸில் ஒரு மதில் கட்டியிருக்கும்.

அவவையும் குறை சொல்வதற்கில்லை. அவவுடைய தகப்பனார் வைத்திலிங்கம் ஊரில் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். பேத்தியின் கலியாணத்துக்கென்று விசா எல்லாம் எடுத்து வைத்த பிறகு, மாப்பிள்ளை வேதக்காரர், அதாவது கத்தோலிக்கர், என்று கேள்விப்பட்டுத் தொலைபேசியில் ஒரே போடாகப் போட்டுவிட்டார். "வேதக்கார வீட்டுச் சம்பந்தமெண்டால் நான் அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்கன். விசாவை நீங்களே வைச்சிருங்கோ." அதற்குப் பிறகு மகளோடு அவர் பேசவில்லை. அந்தக் கோபம் ஆறுவதற்குள் மனிதர் ஊரிலேயே கண்ணை மூடிவிட்டார். பரமேசக்காவால் போகவும் முடியவில்லை, முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. ஒரு வருடம் நிறைந்து செய்கிற ஆட்டைத் திவசம் முடியும்வரை கலியாணப் பேச்சே கூடாது என்று எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தா. முடிந்த பிறகும் அரை மனதுதான். நிச்சயார்த்தத்துக்கு உடைத்த தேங்காய் அழுகல் என்று நாளையே தள்ளிப் போட்டவ. இன்னும் ஒரு சகுனம் பிழைத்தால் கலியாணம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அன்ரன் அதிகம் பேசாத பிள்ளை. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "அம்மா, கலியாணம் முடியுமட்டும் ஒண்டும் பிழைக்க விடாதேங்கோ."

அதற்குள் நான் அவசரப்பட்டு, மணமக்களுக்குக் கட்டில் என் அன்பளிப்பு என்று வாய் கொடுத்திருந்தேன். கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்கு மேப்பிள் கணு வெனீர். லூசியன் பல காலம் யாருக்கும் விற்காமல் வைத்திருந்த எட்டு இதழ்கள், ஒரே கணுவில் அடுத்தடுத்துச் சீவியவை. அதுபோல இன்னொன்று கிடையாது. "இது உங்கள் வேலை, மதாம். நான் உதவியாள்" என்று அவர் சொன்னபோது எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் புரோசார்ட் போயிருந்தோம். பரமேசக்கா கத்தரிக்காய்ப் பொரியல் பரிமாறிக்கொண்டே கேட்டா.

"மிசிஸ் மரியநாயகம், கட்டில் முழு மரமோ?"

"இல்லை அக்கா. உள்ளுக்குப் பிளைவுட். மேலதான் மேப்பிள்."

"ஓ. உள்ளுக்கொண்டு, வெளியிலயொண்டு."

மரத்தைப் பற்றித்தான் சொன்னா என்று என் வீட்டுக்காரர் காரில் வரும்போது சமாதானம் சொன்னார். நான் நம்பவில்லை.

வீட்டுக்கு வெளிக்கிடும்போது அவ ஒரு கட்டு தமிழ்ப் பேப்பரைத் தூக்கி என் கையில் தந்தா. கடைகளில் இலவசமாகக் கிடைக்குமே, அந்த வாரப் பேப்பர். எல்லாம் ஒரே இதழ். தகப்பனாரின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி முழுப் பக்கத்தில் வந்திருந்தது. கோட்டு, கழுத்தில் ரை, நெற்றி நிறையத் திருநீறு, இரண்டு பக்கமும் முறுக்கிய மீசை. ஒவ்வொரு பேப்பரையும் அந்தப் படம் மேலே தெரியும்படி மடித்து, ஓரம் பிசகாமல் அடுக்கி, நூலால் கட்டியிருந்தா.

"உங்கட சேர்ச்சில எல்லாருக்கும் குடுங்கோ," என்றா. "நாங்கள் எப்பிடிப்பட்ட ஆக்கள் எண்டு அவையும் அறியட்டும்."

"ஓம் அக்கா, கட்டாயம் குடுக்கிறன்" என்றேன். மறுநாள் திங்கட்கிழமை. காரின் பின்பெட்டியில் பட்டறைக்குப் போகிற சாமான்களோடு அந்தக் கட்டும் கிடந்தது. எல்லாவற்றையும் இறக்கும்போது அதையும் இறக்கி, வருகிற ஞாயிறு பூசைக்குக் கொண்டுபோகலாம் என்று மேசைக்குக் கீழே வைத்தேன்.

அந்த வாரம் முழுவதும் எட்டு இதழுக்கும் நெளிவு எடுத்தோம். வியாழக்கிழமை பின்னேரம் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் ஈரம் இருந்தது. கடைசியாக ஒரு தெளிப்பு, ஒரு கடதாசி மாற்றம், அதோடு முடியும். வெள்ளிக்கிழமை நான் தாரணியோடு கூறைச்சேலை பார்க்கப் போக வேண்டும். "நீங்கள் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் லூசியன்.

சனிக்கிழமை காலை நான் காரைத் திருப்பும்போது அவர் கூட்டிக்கொண்டிருந்தார். கொட்டகைக்குள் இல்லை. வாசலிலும் இல்லை. தன் வாசல் முடிந்து, பக்கத்து வீட்டுக்காரரின் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரம் அவர் கூட்டி நான் பார்த்ததே இல்லை.

"முசியே, யாராவது இறந்துவிட்டார்களா?"

"அதை நான்தான் உங்களிடம் கேட்க வேண்டும், மதாம்," என்றார் தும்புத்தடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. "உள்ளே ஒரு பெரியவர் வந்திருக்கிறார்."

நாங்கள் பேசுவதெல்லாம் பிரெஞ்சில்தான், அதைத்தான் தமிழில் எழுதுகிறேன். ஆனால் அந்தப் பெரியவரைப் பார்த்தபோது என் வாயிலிருந்து வந்தது சுத்தத் தமிழ்: "ஐயோ, என்ர அந்தோனியாரே."

வெள்ளிக்கிழமை வெறும் கடதாசிச் சுருள் முடிந்துபோயிருக்கிறது. லூசியன் தேடியிருக்கிறார். மேசைக்குக் கீழே ஒரு கட்டு புத்தம் புதிய பேப்பர், எல்லாம் ஒரே அளவு, ஒரே மடிப்பு, ஒருவர்கூடத் திறந்து வாசிக்காதது. "இந்த வேலைக்கென்றே நீங்கள் வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன்," என்றார். "எவ்வளவு ஒழுங்காக மடித்திருந்தது." அதை அப்படியே ஒன்றுவிட்டு ஒன்று அடுக்கிக் கிளாம்ப் போட்டிருக்கிறார். நாங்கள் தெளித்த கலவையில் ஸ்பிரிட் இருந்ததல்லவா, அது அச்சு மையை இளக்கிவிட்டது. மேப்பிள் வெள்ளை மரம், கேட்கவே வேண்டாம். கீழே இருந்த பேப்பரின் முன்பக்கம் ஒவ்வோர் இதழின் ஒரு பக்கத்திலும் பதிந்துவிட்டது. மீசை, ரை, திருநீறு, "ஆறாத்துயருடன் மக்கள், மருமக்கள்" என்ற எழுத்து எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல வலம் இடமாக.

மறுபக்கத்தில் மேலே இருந்த பேப்பரின் பின்பக்கம் பதிந்திருந்தது. அதில் ஓர் இறைச்சிக் கடை விளம்பரம். "இளம் ஆட்டிறைச்சி, துண்டு போட்டுத் தரப்படும்." நடுவில் தாடி வைத்த ஓர் ஆடு எங்களைப் பார்த்தபடி நின்றது.

லூசியன் தொழில்காரர். மை பதிந்தாலும் கோலம் பொருந்துகிறதா என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை. எட்டு இதழையும் மேசையில் புத்தகம் விரிப்பதுபோல விரித்து வைத்திருந்தார். மறக்க வேண்டாம் என்றேனே, அது இங்கேதான் வருகிறது. ஒன்றுவிட்டு ஒன்று மறுபக்கம் மேலே வரும். தபாலதிபர், ஆடு, தபாலதிபர், ஆடு, தபாலதிபர், ஆடு, தபாலதிபர், ஆடு. என் மகன் கலியாணக் கட்டிலின் தலைமாடு.

"கோலம் அருமையாகப் பொருந்துகிறது, மதாம்," என்றார் மெல்லிய குரலில்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். வேறு எட்டு இதழுக்கு எங்கே போவது? சுரண்டி எடுக்கலாம் என்றால் வெனீர் அரை மில்லிமீற்றர் தடிப்பு. ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்து, பிறகு தகட்டால் இழை இழையாகச் சீவினால் ஒருவேளை போகலாம். மெதுவாகச் செய்தால் திங்கட்கிழமைக்குள் முடியும், யாருக்கும் தெரியத் தேவையில்லை என்று நான் மனதுக்குள் கணக்குப் போடத் தொடங்கினேன்.

"இன்னொரு சின்ன விஷயம்," என்றார் லூசியன், கோப்பியை ஊற்றியபடி. "நேற்று ஒரு மதாம் தொலைபேசியில் பேசினார். மிக அழகான பிரெஞ்சு. கட்டிலைப் பார்க்க வேண்டுமாம். நானும், தாராளமாக வாருங்கள், கோப்பி குடிக்கலாம் என்று சொன்னேன்."

"எப்போது?"

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

நான் மேசைக்கு மேல் விரிப்பதற்குத் துணி தேடினேன். மேசைக்குக் கீழே பார்த்தேன், அங்கே நனைந்து சுருண்ட தபாலதிபர்கள் ஒரு குவியலாகக் கிடந்தார்கள். அந்தக் குவியலை மறைப்பதா, மேசையை மறைப்பதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. பரமேசக்கா பட்டுச் சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு பெட்டி பலகாரத்தோடு உள்ளே வந்தா.

"மிசிஸ் மரியநாயகம், கோயிலுக்குப் போற வழியில ஒருக்கா பாத்திட்டுப் போவமெண்டு," என்றா. புரோசார்டிலிருந்து எந்தக் கோயிலுக்கும் இல்-பிசார் வழி இல்லை. மேற்பார்வைக்குத்தான் வந்திருக்கிறா.

பிறகு மேசையைப் பார்த்தா.

அவ மூக்குக் கண்ணாடியைக் கழற்றினா. சேலைத் தலைப்பால் துடைத்தா. மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தா. எனக்கு அன்ரனின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. ஒன்றும் பிழைக்க விடாதேங்கோ என்று கேட்ட பிள்ளைக்கு நான் இதை எப்படிச் சொல்வேன்? அழுகல் தேங்காய்க்கே நாள் தள்ளினவவுக்கு, மகளின் கலியாணக் கட்டிலில் கண்ணீர் அஞ்சலி. மங்கள வார்த்தைச் செபம் மனதில் ஓடியது, பாதியில் சொல் மறந்துபோய்த் திரும்பத் திரும்ப "அருள் நிறைந்த மரியே"யிலேயே நின்றேன்.

லூசியன்தான் முன்னுக்கு வந்தார். தும்புத்தடியைச் சுவரில் சாத்தினார்.

"மதாம், பிழை முழுவதும் என்னுடையது. ரெஜினா இங்கே இருக்கவில்லை. இந்தக் கனவான் யாரென்று எனக்குத் தெரியாது."

"என் அப்பா," என்றா பரமேசக்கா பிரெஞ்சில்.

லூசியன் தொப்பியைக் கழற்றினார். மேசைக்குப் பக்கத்தில் போய், முதலாவது தபாலதிபருக்கு மரியாதையாகத் தலையைச் சாய்த்து, "மன்னிக்க வேண்டும், முசியே" என்றார். ஒருவருக்குச் சொல்லிவிட்டு மற்றவர்களை விட்டால் மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, பக்கத்தில் இருந்தவருக்கும் தலையைச் சாய்த்தார். அவருடைய மூக்குக் கண்ணாடி வழக்கம்போல எங்கேயோ இருந்தது. கொஞ்சம் குனிந்து உற்றுப் பார்த்து, மிகவும் பணிவாகக் கேட்டார்:

"தாடி வைத்திருக்கும் இவர், உங்கள் மாமனாரா?"

பரமேசக்கா ஆட்டைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. மறுபடியும் ஆட்டைப் பார்த்தா. அவவுடைய தோள் ஒரு தரம் குலுங்கியது. அழுகிறா என்றுதான் நினைத்தேன், பிடிக்க ஓடினேன். அவ பக்கத்தில் கிடந்த ஒரு பெயின்ற் ரின்னுக்கு மேல் அப்படியே குந்தி இருந்துவிட்டா. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்தியும் அடங்கவில்லை. இவ்வளவு சிரிப்பையும் அந்த "மிசிஸ்"ஸுக்குப் பின்னால் எங்கே வைத்திருந்தா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

"விசா எடுத்துக் குடுத்தும் வரமாட்டன் எண்டு நிண்டவர்," என்றா மூச்சு வாங்கிக்கொண்டு. "அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்கன் எண்டவர். இப்ப பாருங்கோ, விசாவும் இல்லாமல், ரிக்கற்றும் இல்லாமல், பொம்பிளை மாப்பிள்ளைக்கு முதல் வந்து கட்டில்ல படுத்திருக்கிறார்."

அதற்குப் பிறகு நானும் அடக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணி வரச் சிரித்தோம். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலேயே லூசியனும் சிரித்தார். "அதோட ஆட்டையும் கூட்டிக்கொண்டெல்லோ வந்திருக்கிறார்," என்று அவ சொல்ல, அடங்கியது மறுபடியும் தொடங்கியது.

அலை ஓய்ந்த பிறகு அவ எழும்பி மேசைக்குப் பக்கத்தில் போனா. ஓர் இதழில் மீசை இருந்த இடத்தில் விரலை வைத்தா. கனநேரம் அதை எடுக்கவில்லை.

"இதை என்ன செய்யப் போறீங்கள்?"

"மேல தெரியிறதுகளைத் துடைக்க வேணும் அக்கா. ஸ்பிரிட்டால மெல்ல மெல்ல. கீழ்ப்பக்கம் இருக்கிறது பசையோட பலகைக்குள்ள போயிடும், ஆருக்கும் தெரியாது. வேணுமெண்டால் இதழ்களை மாத்தித் திருப்பி, அப்பா எல்லாரையும் உள்ளுக்கு அனுப்பலாம். ஆனால் கோலம் பொருந்தாது."

"கோலம் பொருந்த வேணும்," என்றா. குளிர்ச்சட்டையைக் கழற்றினா. "துணியைத் தாங்கோ. அப்பாவை நான் துடைக்கிறன்."

நான் ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த துணியைக் கொடுத்தேன். எப்படித் துடைக்க வேண்டும் என்று காட்டினேன்: அழுத்தக்கூடாது, மரத்தின் ஓட்டத்தோடு போக வேண்டும், துணி கறுத்தவுடன் மாற்ற வேண்டும். அவ நெற்றியில் தொடங்கினா. காய்ச்சல்காரருக்குத் துடைப்பதுபோல மெதுவாக, நெற்றி, கன்னம், நாடி என்று வந்தா. "போகேக்க முகம் பாக்கக் கிடைக்கேல்லை," என்று எனக்கா மரத்துக்கா என்று தெரியாமல் சொன்னா. நான் பக்கத்து இதழை எடுத்துக்கொண்டேன். அவ அப்பாவைத் துடைத்தா, நான் ஆட்டைத் துடைத்தேன்.

லூசியன் தகட்டைத் தீட்டிக்கொண்டு வந்து, நாங்கள் துடைத்து முடித்ததை இழை இழையாகச் சீவி, கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். ஒரே ஓர் இடத்தில் மீசையின் நுனி மட்டும் போகவில்லை. மேப்பிள் கணுவில் கறுப்புப் புள்ளிகள் நிறைய இருக்கும், அதற்குள் அதுவும் ஒரு புள்ளியாகக் கலந்துவிட்டது. எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் அது எங்கே என்று தெரியும்.

பசை தடவுகிற நேரம் வந்தது. எல்லா இதழையும் ஒட்டுநாடாவால் சேர்த்துத் திருப்பிப் போட்டபோது, கீழ்ப்பக்கத்தில் மிச்சம் நாலு தபாலதிபரும் நாலு ஆடும் எங்களைப் பார்த்தபடி கிடந்தார்கள்.

"அக்கா, இதையும் துடைப்பமோ?"

அவ யோசித்தா.

"வேண்டாம். இருக்கட்டும்," என்றா. "கலியாணத்துக்கு அவரும் வந்ததா இருக்கட்டும். முகம் பலகைப் பக்கம்தானே?"

"ஓம், பலகைப் பக்கம்."

"அதுதான் நல்லது. புதுசாக் கலியாணம் கட்டின பிள்ளையள். அவர் அங்கால பாத்துக்கொண்டிருக்கட்டும்."

மறுபடியும் தொடங்கிவிட்டோம். பசைத் தூரிகையைப் பிடிக்க முடியாமல் கை ஆடியது. லூசியன் பயந்துபோய்த் தூரிகையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். முன்பக்கம் ஒட்டி, சட்டப்படி பின்பக்கமும் ஒட்டி, கிளாம்ப் போட்டோம். பரமேசக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைசிக் கிளாம்பைத் தானே முறுக்கினா. பலகாரப் பெட்டியைத் திறந்து மூன்று பேரும் சாப்பிட்டோம். லூசியன் பயற்றம் பணியாரத்தை முகர்ந்து பார்த்துக் கன்னத்தில் வைக்கப் போனார், பிறகு நினைவு வந்து வாயில் போட்டார்.

மறுநாள் அந்தக் கொட்டகையில் நாங்கள் கிளாம்பைக் கழற்றினோம். வெனீர் எங்கேயாவது ஒட்டாமல் விட்டிருக்கிறதா என்று அறிய விரல் மொளியால் தட்டிப் பார்ப்பது லூசியனின் வழக்கம். ஒட்டியிருந்தால் கெட்டிச் சத்தம் வரும், விட்டிருந்தால் வெறும் பெட்டியைத் தட்டியதுபோல உள்ளே காற்றுச் சத்தம் கேட்கும். அவர் ஓரத்திலிருந்து ஓரம்வரை தட்டிக்கொண்டு போனார். பூசை முடிந்து வந்த நான் ஒரு பக்கமும், கோயிலுக்கு உண்மையாகவே போய்விட்டு வந்த பரமேசக்கா மறுபக்கமும் நின்று காதைக் கொடுத்துக் கேட்டோம். எங்கும் கெட்டிச் சத்தம். அவவும் ஒரு தரம் தட்டிப் பார்த்தா. பிறகு திரும்பி, "சரி ரெஜினா, இனி வாழை கட்டுறதுக்கு ஆளைப் பாப்பம்," என்றா. மிசிஸ் மரியநாயகம் அன்றைக்குப் போனவ, திரும்பி வரவே இல்லை.

சேர்ச்சில் கொடுக்கவிருந்த பேப்பர்களைப் பற்றி அவ பிறகு கேட்கவில்லை. லூசியன்தான் அடுத்த நாளே அந்தப் பலகையை எழுதிச் சுவரில் அடித்தார்.

கலியாணம் காலையில் சேர்ச்சிலும் பின்னேரம் மண்டபத்தில் ஐயரோடும் நடந்தது. தேங்காய் நேராக உடைந்தது. பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியாது. அன்ரன் இந்தக் கட்டுரையை வாசிக்கமாட்டான், தாரணிக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன். இரண்டொரு வருடத்துக்கு முன் கட்டிலை மாற்றி நவீனமாக ஒன்று வாங்கப்போகிறோம் என்று அவர்கள் சொன்னபோது, இரண்டு சம்பந்திகளும் ஒரே குரலில் "வேண்டாம்" என்றோம். மருமகள் பயந்தே போனாள்.

இன்றைக்கும் தகப்பனாரின் திவசத்தன்று பரமேசக்கா படையல் முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போவா. உடுப்பு மடிக்கிற சாட்டில் அறைக்குள் போய், யாரும் பார்க்காத நேரத்தில் தலைமாட்டுப் பலகையை விரல் மொளியால் ஓரத்திலிருந்து ஓரம்வரை தட்டிப் பார்ப்பா. பிறகு எனக்குத் தொலைபேசி எடுப்பா. சுகம் விசாரிப்பதில்லை, ஆரம்பமே அதுதான்.

"ரெஜினா, தட்டிப் பாத்தனான். ஒரு இடத்திலயும் விடேல்லை. இருக்கிறார்."

"ஆடு?"

"அதுவும்தான்," என்பா. பிறகு இரண்டு பேரும் சிரிப்பு அடங்காமல் கனநேரம் போனைப் பிடித்துக்கொண்டிருப்போம்.